50 கிலோ ஆளுக்குப் பவுடர் ஸ்கீ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் உயரம் 152 செ.மீ., எடை 49 கிலோ. சியாட்டிலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். டிசம்பர் பிறந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கேஸ்கேட் மலையில், ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பலகை மேல்தான். எங்கள் வாட்ஸாப் குழுவில் வருடா வருடம் அக்டோபர் வந்ததும் யாராவது ஒரு பெண் கேட்டுவிடுவாள்: "அக்கா, பவுடர் ஸ்கீ வாங்கணும், என்ன அளவு எடுக்கறது?" ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

60 கிலோவுக்குக் கீழே இருக்கிற, நடுத்தரச் சரிவுகளில் பயமில்லாமல் இறங்கத் தெரிந்த பெண்களை மனத்தில் வைத்து எழுதியது இது. இப்போதுதான் கற்றுக்கொள்கிறீர்கள் என்றால் எதையும் வாங்க வேண்டாம். ஒரு வருடம் வாடகை ஸ்கீயில் ஓட்டுங்கள், அப்புறம் வாருங்கள்.

பவுடர் ஸ்கீ என்று தனியாக ஒன்று எதற்கு? இருக்கிற ஸ்கீ போதாதா?

ராத்திரி விழுந்து, இன்னும் யாரும் ஏறி மிதிக்காத, இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்தாத பனிதான் பவுடர். சாதாரண ஸ்கீ காலுக்குக் கீழே 75 அல்லது 80 மி.மீ. அகலம் இருக்கும். முழங்கால் ஆழப் பனியில் அது உள்ளே போய்விடும். திரும்ப வேண்டுமென்றால் உடம்பையே தூக்கித் தூக்கிப் போட வேண்டும். மதியத்துக்குள் தொடை வெந்துவிடும். அகலமான ஸ்கீ மேலே நிற்கும், நினைத்த இடத்தில் திரும்பும்.

இந்த அகல ஸ்கீ வந்தே அதிக காலம் ஆகவில்லை. 1980களின் கடைசியில் ஆஸ்திரியாவின் அட்டாமிக் கம்பெனிக்காக ரூபர்ட் ஹூபர் ஒரு ஸ்னோபோர்டை நீளவாக்கில் அறுத்து இரண்டு ஸ்கீயாக்கிப் பார்த்தார் என்பார்கள். 'ஃபேட் பாய்' என்று பெயரெடுத்த ஸ்கீ அந்த வழியில் வந்தது. அப்புறம் ஷேன் மெக்கான்கி என்ற ஸ்கீ வீரர், அலாஸ்கா மலையில் தண்ணீரில் ஓட்டுகிற வாட்டர் ஸ்கீயை மாட்டிக்கொண்டு இறங்கினார். 2002-இல் வோலன்ட் கம்பெனி வெளியிட்ட 'ஸ்பாட்யூலா' அவர் யோசனை. கரண்டி மாதிரி நுனியும் வாலும் மேலே வளைந்த ஸ்கீ அது. இன்று கடையில் இருக்கிற ஒவ்வொரு பவுடர் ஸ்கீயிலும் அதன் சாயல் கொஞ்சம் உண்டு.

கடையில் 112 எடுங்கள் என்கிறார்கள். குழுவில் 116 என்கிறார்கள். எனக்கு எவ்வளவு?

முதலில், 112, 116 என்பதெல்லாம் ஸ்கீயின் நடு அகலம், மி.மீ. கணக்கில். பூட் நிற்கிற இடத்தில் அளந்தது. பல மாடல்களில் பெயரோடேயே இந்த எண் ஒட்டியிருக்கும்.

அந்த எண்ணை உங்களிடம் சொல்பவர் எத்தனை கிலோ என்று பாருங்கள். எங்கள் வீட்டுக்காரர் 80 கிலோ. அவருக்கு 186 செ.மீ. நீளத்தில் 116. எனக்கு 158 செ.மீ. நீளத்தில் 104. "உன்னுது சின்னது, ஆழமான பனியில மூழ்கும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

என் ஸ்கீ நுனியில் 134, நடுவில் 104, வாலில் 124. சராசரி அகலம் 11.8 செ.மீ. என்று வைத்தால் ஒரு ஸ்கீயின் அடிப்பரப்பு சுமார் 1,860 சதுர செ.மீ., இரண்டுக்கும் 3,730. பூட், அதை ஸ்கீயோடு பிணைக்கிற பைண்டிங், ஸ்கீ, ஜாக்கெட், பை எல்லாம் சேர்த்து 11 கிலோ போட்டால் நான் 60 கிலோ. ஆக, ஒரு சதுர செ.மீ. பனி மேல் என் பாரம் 16 கிராம். அவருக்குச் சராசரி அகலம் 12.8 செ.மீ., இரண்டு ஸ்கீக்கும் 4,760 சதுர செ.மீ., சாமான்களோடு 92 கிலோ. சதுர செ.மீ.க்கு 19 கிராமுக்கு மேல். மூழ்குவது அவர்தான்! என் அளவுக்கு அவர் மிதக்க வேண்டுமானால் அதே நீளத்தில் சராசரியே 15 செ.மீ.க்கு மேல் அகலமான ஸ்கீ வேண்டும். மாறாக, அவர் மூழ்குகிற அளவுக்கு நான் மூழ்க வேண்டுமென்றால் 84 மி.மீ. ஸ்கீயே போதும்.

இது தோராயக் கணக்கு. வேகம், நுனியின் வளைவு, பனியின் கனம் எல்லாம் இதில் வரவில்லை. ஆனாலும் திசை காட்டும். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

ஆகவே என் கை எண்கள் இவை: 45 கிலோவுக்குக் கீழே என்றால் 95 முதல் 100. 45-இலிருந்து 58 வரை 98 முதல் 106. 110-க்கு மேலே போவது ஜப்பானுக்கோ ஹெலிகாப்டரிலோ போகிறவர்கள் விஷயம். அவர்களிடம் இரண்டாவது ஸ்கீ இருக்கும்.

அகலம் கூடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். நல்ல பவுடர் காலை பதினோரு மணிக்குத் தீர்ந்துவிடும். மீதி நாள் முழுக்க இறுகிய பனி. அங்கே ஸ்கீயைச் சாய்த்து விளிம்பில் நிற்க வேண்டும். அகலம் கூடக் கூட விளிம்பு காலிலிருந்து தள்ளிப் போகிறது, அதைச் சாய்க்க முழங்கால் கூடுதலாக முறுக்க வேண்டியிருக்கிறது. முழங்கால் தசைநார் அறுவது ஸ்கீயில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சும்மா வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

நீளம் எவ்வளவு எடுக்கலாம்? பவுடருக்கு நீளமாகத்தான் எடுக்க வேண்டுமாமே?

இதில் நான் அடிபட்டவள். முதல் முறை வாங்கும்போது வசந்த காலத் தள்ளுபடியில் ஒரு கடையில் பாதி விலைக்கு 172 செ.மீ. கிடந்தது. என்னைவிட 20 செ.மீ. உயரம். "பவுடர்ல நீளம்தான் மிதக்கும், ராக்கர் இருக்கு, சின்னதாத்தான் தெரியும்" என்று விற்பவர் சொன்னார். (ராக்கர் என்பது நுனி மேல்நோக்கி வளைந்திருப்பது.) விலையைப் பார்த்து நானும் தலையாட்டினேன்.

திறந்த வெளியில் நன்றாகவே போனது. எங்கள் பக்கத்து ஸ்கீ தளமான ஸ்டீவன்ஸ் பாஸில் மரங்களுக்கு நடுவே நுழைந்ததும் தெரிந்தது சேதி. இரண்டு மரத்துக்கு இடையே திரும்ப வேண்டும், வால் பின்னாலேயே நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது. பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்தது. சாய்ந்ததும் நுனி இன்னும் லேசாகி இஷ்டத்துக்கு அலைய ஆரம்பித்தது. ஒரு ஹெம்லாக் மரத்தைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றேன். அங்கிருந்து காலைத் தூக்கித் திருப்பி எதிர்ப்பக்கம் வைக்கப் பார்த்தால், வால் பனியில் புதைந்து காலே எழவில்லை. இரண்டு சீசன் அதோடு போராடி, கெட்ட பழக்கங்களையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு, அப்புறம் விற்றேன்.

நுனியில் நல்ல ராக்கர் உள்ள பவுடர் ஸ்கீ என்றால் உங்கள் நெற்றிக்கும் உச்சந்தலைக்கும் இடையே ஆரம்பியுங்கள். வேகமாக, அழுத்தமாக ஓட்டுபவர் என்றால் தலைக்கு மேல் ஐந்தாறு செ.மீ. போகலாம். மரங்களுக்குள் ஓட்டுவதுதான் பிடிக்கும் என்றால் நெற்றியோடு நில்லுங்கள். உயரத்தைவிட எடைதான் முக்கியம். 165 செ.மீ. உயரம், 50 கிலோ என்றால் 50 கிலோ ஆளுக்கான நீளத்தின் பக்கம் சாயுங்கள்.

இன்னொன்று: ஸ்கீ மேல் அச்சடித்த நீளத்தை அப்படியே நம்ப வேண்டாம். சில கம்பெனிகள் வளைவோடு சேர்த்து அளக்கும், சில நேர்கோட்டில் அளக்கும். இரண்டு கம்பெனியின் 164-ஐப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்று எட்டிப்பார்க்கும். கடையில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

அகல ஸ்கீ எல்லாம் 164-இல்தான் ஆரம்பிக்கிறது. குழந்தைகள் ஸ்கீ வாங்கிக்கொள்ளலாமா?

42 கிலோ, 148 செ.மீ. உள்ள ஒருத்தி கேட்டது இது. நியாயமான கேள்வி. பல கம்பெனிகள் அகலமான அச்சுகளைச் சின்ன அளவில் வார்ப்பதே இல்லை.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கான அகல ஸ்கீ ஓரளவு உதவும். விலையும் பாதிக்குப் பாதி. ஆனால் உள்ளே இருக்கிற மரமும் இழைகளும் சாதாரணமாக இருக்கும், வேகம் எடுத்தால் நுனி நடுங்கும். சரிவுகளில் ஓரளவு தேறிய பெரியவருக்கு ஒரே சீசனில் போதாமல் போய்விடும். வாங்குவதற்கு முன்னால் பூட்டின் அடிப்பாகத்தையும் பாருங்கள். பெரியவர் பூட்டுக்கும் குழந்தைகள் பூட்டுக்கும் முன், பின் நீட்சிகளின் அளவு வேறு. 21.5, 22.5 செ.மீ. அளவுப் பாதக்காரர்களுக்குச் சில நேரம் குழந்தைகள் பூட்டைத் தள்ளிவிடுவார்கள். அது எல்லாப் பெரியவர் பைண்டிங்கிலும் சரியாக உட்காராது. உட்கார்ந்தது போலத் தெரிந்தாலும் விழும்போது கழன்றுகொள்ளும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

என் யோசனை: குழந்தைகள் ஸ்கீக்குப் போவதற்கு முன், பெண்கள் வரிசையில் 150களில் தொடங்கும் மாடல்கள் என்னென்ன என்று தேடுங்கள். நடு அகலத்தில் ஐந்தாறு மி.மீ. விட்டுக்கொடுத்தால் நீளம் கிடைத்துவிடும். மேலே சொன்ன கணக்குப்படி அந்த ஐந்து மி.மீ. உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

ராக்கர், கேம்பர் என்கிறார்களே, அதை எப்படிப் பார்ப்பது?

இரண்டு ஸ்கீயையும் அடிப்பாகம் அடிப்பாகத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் பாதத்துக்குக் கீழே ஒரு மெல்லிய இடைவெளி தெரிகிறதா? அதுதான் கேம்பர், வில் மாதிரி வளைந்திருக்கும். இறுகிய பனியில் பிடிப்புக் கொடுப்பது அது. நுனிக்குப் போகப் போக இரண்டும் பிரிந்து V போல விலகும், அதுதான் ராக்கர். ஆழப் பனியில் நுனி மேலே வருவதற்கு அது. இப்போது ஒரு விசிட்டிங் கார்டை நுனிப்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளிக்கொண்டே வாருங்கள். எங்கே தட்டி நிற்கிறதோ அங்கிருந்துதான் இறுகிய பனியில் விளிம்பு வேலை செய்யும். வால் பக்கமும் அப்படியே.

நம் எடைக்கு நுனியில் தாராளமான ராக்கர், நடுவில் கொஞ்சம் கேம்பர், வாலில் லேசாக ராக்கர் இருந்தால் ஓட்டச் சுகம். கேம்பர் அதிகமாகவும் விறைப்பாகவும் இருந்தால் நம் எடை அதை அழுத்தித் தட்டையாக்கவே போதாது. அப்புறம் ஸ்கீயின் நடுப்பகுதி பனியைச் சரியாகத் தொடாமலே ஓடும்.

எவ்வளவு விறைப்பு? எவ்வளவு கனம்?

பெரும்பாலோர் அகலத்தையும் நீளத்தையும் கேட்டுவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஒல்லியான பெண்ணுக்கு முதலில் பார்க்க வேண்டியதே இதுதான்.

ஸ்கீ திரும்புவது அது வளைவதால். வளைப்பது உங்கள் எடையும் வேகமும். 85 கிலோ ஆள் வளைப்பதற்காகச் செய்த பலகையில் 50 கிலோ ஆள் ஏறினால் அது பலகையாகவே இருக்கும். கடையில் வாலைத் தரையில் ஊன்றி, இடது கையால் நுனியைப் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையால் நடுவை முன்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். நுனி முதல் பைண்டிங் வரும் இடம் வரை சீராக வளைகிறதா, இல்லை ஓரிடத்தில் முறிந்த மாதிரி மடங்குகிறதா? நுனி இளக்கமாக, பாதத்துக்குக் கீழே உறுதியாக, வால் நடுத்தரமாக இருப்பதைத்தான் நான் தேடுவேன். வால் ரொம்ப விறைப்பாக இருந்தால், நாம் களைத்துப் பின்னால் சாய்கிற நேரம் பார்த்து அது நம்மை முன்னால் தூக்கி எறியும்.

சரி, அப்படியானால் இருப்பதிலேயே லேசானது, இருப்பதிலேயே இளக்கமானது எடுத்துவிடலாமா? கூடாது. கேஸ்கேட் பனியை எங்கள் பக்கம் 'சிமென்ட்' என்றே சொல்வார்கள். பசிபிக் கடல் ஈரம் அப்படியே மலையில் மோதி, உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில் விழும் பனி. காலையில் அதன் மேல் மிதக்கலாம். பத்து பேர் போய்க் கிளறியதும் முட்டுமுட்டாகக் குவிந்து கிடக்கும். அந்த முட்டுகளில் 1,400 கிராம் ஸ்கீ மோதினால் பக்கத்தில் போய்விடும், நாமும் கூடவே போவோம். நம் உடம்பும் லேசு, ஸ்கீயும் லேசு என்றால் பனி சொல்வதுதான் சட்டம். ஒரு ஸ்கீ 1,600 முதல் 1,800 கிராம் இருப்பது எனக்குச் சரியாக வருகிறது. 2,000 தாண்டினால் மதியத்துக்கு மேல் கால் கெஞ்சும். கார் நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்ட் வரை தோளில் சுமக்கிற கதை வேறு.

பெண்கள் ஸ்கீ என்பது ஆண்கள் ஸ்கீயில் பூ வரைந்ததுதானே?

ஒரு காலத்தில் பாதி அப்படித்தான் இருந்தது. ரோஸ் கலர் அடித்து, பட்டாம்பூச்சி ஒட்டி, உள்ளே மலிவு மரத்தை வைத்து விற்றார்கள். இப்போது பல கம்பெனிகளில் ஆண்கள் மாடலுக்கும் பெண்கள் மாடலுக்கும் வார்ப்பு அச்சு ஒன்றே. பிளிசார்டின் ரஸ்ட்லரும் ஷீவாவும் அப்படி ஒரு ஜோடி. வித்தியாசம் உள்ளே அடுக்குகிற மரம், உலோகத் தகடு, கண்ணாடி இழை ஆகியவற்றில். அத்தோடு பெண்கள் வரிசையில் சின்ன நீளங்கள் கிடைக்கும். நமக்கு வேண்டியதே அதுதான்.

ஆகவே லேபிளைப் பார்த்து ஒதுக்கவும் வேண்டாம், லேபிளுக்காக வாங்கவும் வேண்டாம். 57 கிலோவில் நன்றாக அழுத்தி ஓட்டுகிற பெண்ணுக்குப் பொது மாடலின் சின்ன அளவு பொருந்தலாம். 60 கிலோ ஆண் ஒருவர் எங்கள் குழுவில் பெண்கள் ஸ்கீதான் வைத்திருக்கிறார். மேலே ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருக்கிறார் என்பது வேறு விஷயம்.

பெயர் சொல்லுங்கள், போய் வாங்கிவிடுகிறேன்.

மாடல்கள் இரண்டு மூன்று வருடத்துக்கொரு முறை மாறும், பெயர் அப்படியே இருக்க உள்ளே வேறாகிவிடும். அதனால் குணத்தைச் சொல்கிறேன். லைன் கம்பெனியின் பண்டோரா லேசு, விளையாட்டுத்தனம், மரங்களுக்குள் ஆசைப்படி திரும்பும், கிளறிய பனியில் கொஞ்சம் அலையும். நோர்டிகாவின் சான்டா ஆனாவில் உலோகத் தகடு உண்டு. முட்டுகளை மிதித்துக்கொண்டு போகும், ஆனால் சோம்பலாக நின்றால் மதிக்காது. இந்த இரண்டையும் ஒரே நாளில் வாடகைக்கு எடுத்து ஓட்டினால் உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்துவிடும். பிளாக் குரோஸின் பேர்டி வரிசை, கே2 மைண்ட்பெண்டர், ஐஸ்லாண்டிக் மெய்டன் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது வரும்.

பைண்டிங்கில் கவனிக்க என்ன இருக்கிறது?

நிறைய. விழும்போது பூட்டைக் கழற்றிவிடுவது பைண்டிங். எவ்வளவு விசையில் கழற்ற வேண்டும் என்பதை ஒரு எண்ணாக வைப்பார்கள், டின் என்று பெயர். எடை, உயரம், வயது, பூட் அடி நீளம், ஓட்டும் விதம் எல்லாம் சேர்த்து அட்டவணையிலிருந்து எடுப்பார்கள். எனக்கு அது 4-ஐ ஒட்டி வருகிறது. நம்மில் பலருக்கு 3-க்கும் 5-க்கும் இடையேதான்.

இப்போது கடையில் பவுடர் ஸ்கீயோடு சேர்த்து 'பலமான' பைண்டிங் என்று ஒன்றைக் காட்டுவார்கள். அதன் அளவுகோல் 6-இல் ஆரம்பித்து 16 வரை போகும். அது நமக்குக் கழலவே கழலாது, முதலில் முழங்கால்தான் கழலும். 4 முதல் 13 வரை உள்ளதும் அடிமட்டத்தில் போய் நிற்கும். 3-இல் தொடங்கி 10 அல்லது 11-இல் முடிவதைக் கேளுங்கள். விலையும் குறைவு, கனமும் குறைவு. கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் பிடிக்கிற பிரேக் கம்பியின் அகலம் ஸ்கீயின் நடு அகலத்துக்குச் சமமாகவோ 10, 15 மி.மீ. கூடுதலாகவோ இருக்க வேண்டும். பொருத்துவதையும் எண் வைப்பதையும் சான்று பெற்ற டெக்னீஷியனிடம் விடுங்கள். எடையைக் கேட்கும்போது ஐந்து கிலோ குறைத்தும் சொல்லாதீர்கள், கூட்டியும் சொல்லாதீர்கள்!

பைண்டிங்கை ஸ்கீயில் எந்த இடத்தில் பொருத்துவது?

ஸ்கீ மேல் ஒரு கோடு போட்டிருப்பார்கள். பூட்டின் நடுக்குறி அதன் மேல் வர வேண்டும். பெண்களுக்கு அதை ஒன்றிரண்டு செ.மீ. முன்னால் தள்ள வேண்டும் என்று ஜீனி தோரன் என்ற அமெரிக்கப் பெண்மணி பல காலம் வாதாடினார். ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கு மாட்டிக் காட்டினார். இன்று பல பெண்கள் மாடல்களில் அந்தக் கோட்டையே கம்பெனி தள்ளிப் போட்டுவிடுகிறது. ஏற்கெனவே தள்ளியதை நீங்கள் இன்னொரு முறை தள்ளினால் பவுடரில் நுனி உள்ளே குத்தும்.

கோட்டிலேயே தொடங்குங்கள். வாடகை டெமோ ஸ்கீயில் பைண்டிங்கை முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஒரு ரவுண்டு கோட்டில், ஒரு ரவுண்டு ஒரு செ.மீ. முன்னால் என்று ஓட்டிப் பாருங்கள். சின்னப் பூட் போடுபவருக்குப் பாதத்தின் முன்பந்து கொஞ்சம் பின்தங்கி விழும் என்பதால் அந்த ஒரு செ.மீ. சிலருக்கு நிஜமாகவே உதவும். துளை போட்ட பிறகு யோசிப்பதில் பிரயோசனமில்லை.

பூட்?

கையில் ஆயிரம் டாலர் இருந்தால் முதல் பாதி பூட்டுக்கு. கால் பூட்டுக்குள் அசைந்தால் எந்த ஸ்கீயும் சொன்னபடி கேட்காது.

யூட்டா, ஜப்பான், குல்மார்க் போகிறேன். அதே ஸ்கீ சரிவருமா?

வரும். பனியின் கனம் மாறும், அவ்வளவுதான். யூட்டா மாநிலத்தின் ஆல்ட்டாவில் 100 செ.மீ. புதுப் பனியை உருக்கினால் ஏறத்தாழ 8 செ.மீ. தண்ணீர் தேறும். எங்கள் கேஸ்கேடில் 11, 12 வரும். கனத்த பனி ஆளைத் தாங்கும், லேசான பனி உள்ளே விடும். அதனால் ஆல்ட்டாவிலும் ஹொக்கைடோவின் நிசெக்கோவிலும் இதே ஸ்கீயில் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்குவீர்கள். அது ஒரு சுகம், குறை சொல்ல முடியாது. நிசெக்கோவில் சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டி வரும்போது ஈரத்தை அள்ளிவந்து கொட்டும். சில நாள் மூக்கு வரை பனி பறக்கும். அங்கே மட்டும் ஒரு 110-ஐ வாடகைக்கு எடுத்து ஆசை தீர்த்துக்கொள்ளலாம். அளவு என்று பார்த்தால் எங்கள் ஊரையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மவுண்ட் பேக்கரில் 1998-99 சீசனில் விழுந்த 28.96 மீட்டர்தான் உலக சாதனை.

இந்தியாவிலிருந்து கேட்பவர்களுக்குக் குல்மார்க்தான் முதல் நினைவு. ஶ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. கோண்டோலா என்கிற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அஃபர்வாத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும். கடல் மட்டத்திலிருந்து போகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். வாடகைக் கடைகள் உண்டு. ஆனால் அகலமும் வேண்டும், 158 நீளமும் வேண்டும், 22.5 பூட்டும் வேண்டும் என்றால் போவதற்கு முன்பே எழுதிக் கேட்டு உறுதி செய்யுங்கள். பூட்டை மட்டுமாவது சொந்தமாக எடுத்துப் போவது நல்லது.

புதியது எவ்வளவு ஆகும்? பழையது வாங்கலாமா?

இங்கே புதிய ஸ்கீ 700 முதல் 850 டாலர், பைண்டிங் இன்னொரு 200, 250. மார்ச் கடைசியில் விலை இறங்கும், ஆனால் அப்போது மிஞ்சியிருப்பது 180-உம் 186-உம்தான். நம் அளவு முதலிலேயே போய்விடும், அல்லது கடை வரவழைத்தே இருக்காது. ஆகவே நல்ல தள்ளுபடிக்குக் காத்திருந்து தப்பான நீளம் வாங்க வேண்டாம். என் 172 கதையை மறுபடி படியுங்கள்.

பழையது தாராளமாக வாங்கலாம். அதிலும் சீசன் முடிவில் வாடகைக் கடைகள் விற்கிற டெமோ ஸ்கீ நல்ல பேரம், பைண்டிங்கும் நகரக்கூடியது. விளிம்பு இரும்பை விரலால் தடவிப் பாருங்கள், எங்காவது பிளந்திருந்தால் வேண்டாம். மேலே எத்தனை முறை துளை போட்டு அடைத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். இரண்டு தடவைக்கு மேல் என்றால் நான் தொடமாட்டேன்.

ஸ்கீயின் அடியில் மெழுகு போட வேண்டுமா?

ஈரப் பனியில் கட்டாயம். 80 கிலோ ஆள் தன் கனத்தால் ஒட்டலை மீறிப் போய்விடுவார். நாம் சமதளப் பாதையில் பாதி வழியில் நின்று கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டிருப்போம். மூன்று நான்கு நாள் ஓட்டினால் ஒரு முறை போடுங்கள்.

எல்லைக் கயிற்றுக்கு வெளியே நல்ல பவுடர் தெரிகிறதே, போகலாமா?

பனிச்சரிவுப் பயிற்சியும், கையில் பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் ரேடியோ கருவி), மண்வெட்டி, ஆழம் பார்க்கும் கோலும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த கூட்டாளியும் இல்லாமல் போகாதீர்கள். 2012 பிப்ரவரியில் ஸ்டீவன்ஸ் பாஸை ஒட்டிய டன்னல் க்ரீக்கில் பனிச்சரிவில் சிக்கிச் செத்துப்போன மூன்று பேரும் அனுபவசாலிகள். நார்த்வெஸ்ட் அவலாஞ்ச் சென்டரின் அன்றைய முன்னறிவிப்பைப் படிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். கயிற்றுக்கு உள்ளேயும் பெரிய மரங்களின் அடியில் பனி மூடாத பள்ளம் இருக்கும். கிளை மறைத்திருப்பதால் தெரியாது. தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வருவது மிகக் கடினம். மரங்களுக்குள் இரண்டு பேராக, ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி ஓட்டுங்கள்.

விழுந்ததும் ஒரு ஸ்கீ கழன்று பனிக்குள் காணாமல் போகிறது. பிரேக் இருந்தும் எப்படி?

பிரேக் இறுகிய பனிக்குத்தான். ஆழப் பனியில் கழன்ற ஸ்கீ மேற்பரப்புக்கு அடியிலேயே மீன் மாதிரி நழுவிப் போய் நின்றுவிடும். எனக்கு ஒரு முறை நாற்பது நிமிடம் ஆனது. விழுந்து கிடந்த இடத்துக்குக் கீழேயே தோண்டிக்கொண்டிருந்தேன். லிஃப்டிலிருந்து பார்த்த ஒரு பெரியவர் கத்தினார்: மேலே தேடு, மேலே! உண்மைதான். ஸ்கீ கழன்ற பிறகும் நாம் உருண்டு கீழே வந்துவிடுகிறோம், அது பெரும்பாலும் கழன்ற இடத்தை ஒட்டி மேலேயே நின்றுவிடுகிறது. மற்ற ஸ்கீயின் வாலைக் கத்தி மாதிரி பனிக்குள் குறுக்காக இழுத்துக்கொண்டே ஏறுங்கள். உலோகம் தட்டினால் கைக்குத் தெரியும்.

இதற்கென்று பவுடர் கயிறு விற்கிறார்கள். பளிச்சென்ற நிறத்தில் ஒன்றரை, இரண்டு மீட்டர் நாடா, ஒரு முனையைப் பைண்டிங்கில் கட்டி, மீதியைப் பேண்ட் காலுக்குள் திணித்துக்கொள்ள வேண்டும். ஸ்கீ போனாலும் நாடா மேலே கிடக்கும். நான் வாங்கவில்லை. அம்மா சென்னையிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பழைய வாயில் புடவையின் அரக்குச் சிவப்புக் கரையைக் கிழித்துக் கட்டியிருக்கிறேன். வெள்ளைப் பனியில் இருபது அடி தூரத்திலிருந்தே தெரிகிறது. லிஃப்ட் ஏறும்போது மட்டும் முழுசாக உள்ளே திணித்துவிடுங்கள், நாற்காலியில் மாட்டிக்கொள்ளும்.